இலவசமாய் ஒரு லிட்டர்

மருதமுத்து எந்தத் தப்பும் செய்யவில்லை என்று நிரூபிக்க எங்களுக்கு ஆறு மணி நேரம் இருந்தது. அதை நம்ப வேண்டியவர் போலீஸ்காரரும் இல்லை, நீதிபதியும் இல்லை. சாட்சாத் மருதமுத்துவேதான். தன் தலையில் தானே பழியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனை விடுவிப்பது எவ்வளவு எரிச்சலான வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ் பாலாய்க்குப் போறாரு மேடம். நான்தான் மோதுனேன்னு சொல்லப் போறாரு" என்றாள் அவர் மகள் தேவிஸ்ரீ. பாலாய் என்றால் எங்கள் ஊரில் ஸ்டேஷன். மஸ்ஜித் தானா ஊரில் ஒரு ஆபீஸில் கிளார்க். பாதி நாள் லீவு போட்டுவிட்டு, தோழியின் காரில் புக்கிட் பெருவாங்கில் எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை எழுந்து நின்றுவிட்டாள்.

எங்கள் ஆபீஸ் ஒரு லாண்டரிக் கடைக்கு மேல்மாடி. நிரஞ்சனி மேடம் பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்துகளை ஆராய்ந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் திவாகர். அவருக்கு டிரைவர், குமாஸ்தா, டீ வாங்கி வருபவன், நடுநடுவே உதவியாளன்.

"மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் மேடம்.

தேவிஸ்ரீ சொன்னாள். அவள் அப்பா சிம்பாங் அம்பாட்டில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணி வாக்கில், டியூஷன் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து மேட்டு ரோடு வழியாக வீட்டுக்கு வந்திருக்கிறார். மேட்டில் இடது பக்கச் சக்கரத்தில் 'டொக்' என்று ஏதோ இடித்திருக்கிறது. குழியாக இருக்கும் என்று நினைத்து வந்துவிட்டார். மறுநாள் காலையில்தான் செய்தி தெரிந்தது. அவருடைய நெடுநாள் சிநேகிதர், தோட்டத்துக் காவல்காரர் சிவசாமி, அதே மேட்டில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்து கிடந்தாராம். இன்னும் கண் திறக்கவில்லை. யாரோ மோதிவிட்டு ஓடிவிட்டதாக ஊரே பேசுகிறது.

"அப்பா போய்ப் பாத்தாரு. ரோட்டுல எண்ணெய் கொட்டிக் கெடந்துச்சு. எங்க வேன் ஒழுகும் மேடம். அதைப் பாத்ததும் அப்படியே உக்காந்துட்டாரு."

"வேன் எப்பலேர்ந்து ஒழுகுது?"

தேவிஸ்ரீ மறுபடி எழுந்தாள். "ஒரு மாசமா. நான்தான் காரணம். அந்த வேனுக்கு முப்பது வயசு. அப்பா சர்வீஸ் தேதியெல்லாம் மறந்துருவாரு. சிந்தெட்டிக் ஆயில் ஊத்துனா பத்தாயிரம் கிலோமீட்டர் வரைக்கும் கவலை இல்லைன்னாங்க. நல்லா மெல்லிசா இருக்கும், பெட்ரோலும் மிச்சம்னாங்க. நானே வாங்கிக் குடுத்து, கெஞ்சி மாத்த வெச்சேன். மாத்துன ரெண்டாவது வாரமே சொட்ட ஆரம்பிச்சுருச்சு."

எனக்கு இது புதிதில்லை. மேடத்திடம் வருவதற்கு முன் நான் நாலு வருஷம் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கை கறுத்தவன். பழைய எஞ்சினில் வருஷக்கணக்கான அழுக்கு, தேய்ந்த சீல்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டு ஒழுகாமல் அடைத்திருக்கும். சிந்தெட்டிக் அந்த அழுக்கைக் கழுவிவிடும். இடுக்கு திறந்துகொள்ளும், மெல்லிய எண்ணெய் வழிந்துவிடும். எஞ்சினுக்கு நல்லதுதான், வீட்டு வாசலில் பதித்த டைல்ஸுக்குத்தான் கேடு.

"நல்லது செய்யப் போயி அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிட்டேன் மேடம்" என்று அழுதுவிட்டாள்.

"இன்னும் அனுப்பலம்மா. மணி பதினொண்ணுதான்" என்றார் மேடம். "இப்ப அப்பா எங்க?"

"பிள்ளைங்களை வேற வேனுக்கு மாத்தி விடுறாரு. நாலரை மணிக்கெல்லாம் ஸ்கூல்கிட்ட இருப்பாரு. நான் வீட்டுக்குப் போயி அவரு துணிமணி, மருந்தெல்லாம் எடுத்துக்கிட்டு நேரா பாலாய்க்கு வந்துர்றேன்."

ஜெயிலுக்குப் போகிறவருக்குத் துணி மடித்து வைக்கிற மகளைப் பார்த்து எனக்கு நக்கல் வரவில்லை. இது எனக்கே ஆச்சரியம்தான்.

*

"பசியாறிட்டுப் போலாமா மேடம்?" என்றேன், காரைக் கிளப்பியபடி.

"மேட்டைப் பாத்துட்டுப் பசியாறலாம்."

"மேடு எங்கயும் போகாதுலா. ரொட்டி சானாய் தீந்துரும்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

சிம்பாங் அம்பாட் சந்திப்பைத் தாண்டி, தோட்டத்து ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போனதும் அந்த மேடு வந்தது. இரண்டு பக்கமும் செம்பனை. செங்குத்தான ஏற்றம், ஓரத்தில் முழங்கால் ஆழத்துக்கு சிமெண்ட் கால்வாய். பாதி மேடு ஏறியிருப்போம், இடது சக்கரம் 'டொக்' என்றது. என் தலை கூரையில் முட்டியது.

"நிறுத்து!"

நான் இறங்கிப் பார்த்தேன். ஒரு செம்பனைக் குலை. லாரியிலிருந்து விழுந்து, பல வண்டிகள் ஏறி நசுங்கி, ஆரஞ்சு நாராகக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னும் இரண்டு.

"மேடம், சிவசாமியைத் தவிர இந்த ரோட்டுல மோதுறதுக்கு நெறைய ஆளுங்க இருக்காங்க" என்றேன். மேடம் சிரிக்கவில்லை. குனிந்து எங்கள் கார்ச் சக்கரத்தின் உள் வளைவைப் பார்த்தார். அங்கே ஆரஞ்சு நார் ஒட்டியிருந்தது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

மேட்டின் உச்சியில் ஒரு பீசாங் கோரேங் கடை. வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரிக்கிற அந்தக் கடைக்காரம்மா பெயர் மலர்விழி. சிவசாமியைக் கால்வாயில் முதலில் பார்த்தவரும் அவர்தான். நான் ஐந்து துண்டு வாங்கினேன். விசாரணைக்குத் தேவைப்பட்டது.

"மோதுற சத்தம் கேட்டுச்சாக்கா?" என்றார் மேடம்.

"மோதுற சத்தமா? இல்லையே. உறுமுற சத்தம்தான். மரம் அறுக்கிற மெஷின் கணக்கா ஈஈஈன்னு கத்துச்சு. கிட்ட வந்த மாதிரியே தெரியல, ஒரே எடத்துல நின்னு கத்துச்சு. திடீர்னு தொப்புன்னு ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பாத்தா நம்ம சிவசாமி அண்ணன்."

"எந்த வண்டி கத்துச்சு?"

"அதை எங்க பாத்தேன்? அடுப்புல பீசாங் கெடக்குதுல்ல. இந்தப் பக்கம் எதுவும் தாண்டிப் போகல, அது மட்டும் தெரியும்."

"ரோட்டுல எண்ணெய் கெடந்துச்சாமே?"

"கால்வாய் ஓரமா கொட்டியிருந்துச்சும்மா. பின்னால வர்ற மோட்டருங்க சறுக்கக் கூடாதுன்னு பழைய பேப்பரைப் போட்டுக் கல்லு வெச்சேன். ரெண்டு நாளா மழையே இல்ல, அப்படியேதான் கெடக்கும்."

அப்படியேதான் கிடந்தது. மேடம் கல்லை எடுத்துவிட்டு, மேல் தாளை நகர்த்தினார். அடியிலிருந்த தாள்கள் முழுக்க எண்ணெய் ஊறி, வடை வைத்து எடுத்த தாள் மாதிரி மஞ்சளாக, அந்தப் பக்கத்து எழுத்துத் தெரிகிற அளவுக்கு இருந்தன. மேடம் முகர்ந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். எஞ்சின் எண்ணெய்தான், சந்தேகமே இல்லை.

"என்ன தெரியுது திவாகர்?"

"பீசாங் கோரேங்குக்குச் சட்னி இருந்தா நல்லாருக்கும்."

"நெறத்தைப் பாரு."

பார்த்தேன். எஞ்சின் எண்ணெய்க்கு எங்கள் ஊரில் பெயரே கறுப்பு எண்ணெய். ஓடுகிற எஞ்சினிலிருந்து சொட்டுகிறது கறுப்பாகத்தான் இருக்கும், அதுவும் முப்பது வருஷ அழுக்கைக் கழுவிக்கொண்டு வருவது கரியாகவே இருக்கும். இதுவோ போத்தலைத் திறந்து ஊற்றியது போல இருந்தது.

"இது வேன் எண்ணெய் இல்ல மேடம்!"

"அப்ப யாரு எண்ணெய்?" என்றபடி மேடம் தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார்.

*

சிவசாமியின் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், இறக்கத்தில். பூட்டிய வாசலில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகுதான் மனைவி பாக்கியலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து துணி மாற்றிக்கொள்ள வந்தார். முகத்தில் தூக்கமே இல்லை. கேட்டதற்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்.

மோட்டார் சைக்கிள் பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. கப்சாய் என்று நாங்கள் சொல்கிற சின்ன வண்டி, இருபது வருஷப் பழசு. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். எஞ்சினின் அடிப்பக்கம் கால்வாய் விளிம்பில் இடித்துப் பிளந்திருந்தது. பிளவில் விரலை விட்டு எடுத்தேன். ஒரு துளி ஒட்டியிருந்தது, மஞ்சளாக. பின்பக்கத்தில் வேறு வண்டி மோதிய அடையாளம் ஒன்றுகூட இல்லை.

"எண்ணெய் எப்பக்கா மாத்துனது?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு மத்தியானம்தான்" என்றார் பாக்கியலட்சுமி. "அந்தப் போத்தல்கூட அங்கதான் கெடக்கு."

வண்டிக்குப் பக்கத்தில் நாலு லிட்டர் போத்தல் ஒன்று காலியாகக் கிடந்தது. மேடம் அதையும் எடுத்து என் கையில் கொடுத்தார். பாக்கியலட்சுமி எதற்கு என்று கேட்கவில்லை. எதையும் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "முடிஞ்சுது மேடம்! ரோட்டுல கெடந்தது சிவசாமியோட சொந்த வண்டி எண்ணெய். அன்னைக்கு மத்தியானம் ஊத்துன புது எண்ணெய். அதான் மஞ்சள். யாரும் மோதல, மனுஷன் தானா விழுந்திருக்காரு. கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

"ஏன் விழுந்தாரு?"

"ஏன்னா... விழுந்தாரு. மேடுலா."

"இருபது வருஷமா அந்த மேட்டுல ஏறுனவரு" என்றார் மேடம். கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்காராமலே நின்றார். "சரி, மணி நாலு. மொதல்ல மருதமுத்துவைப் புடிப்போம்."

*

மருதமுத்து பள்ளிக்கூட வேலி ஓரத்தில் வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். கையில் ஒரு நோட்டு. எந்தப் பிள்ளை எந்த வேனில், எந்த வீட்டில் நாய் இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு வாந்தி வரும் என்றெல்லாம் எழுதி, புது டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"தேவி அனுப்பிச்சிச்சா? வேணாம்மா. சிவசாமி அங்க கெடக்கான், நான் இங்க துப்பறியுறவங்களோட நின்னு பேசிக்கிட்டு இருக்கிறதா? நான்தான் மோதுனேன். ஒத்துக்கிட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்."

"நீங்க எதுல மோதுனீங்கண்ணே?" என்றார் மேடம்.

"அவன் மேலதான்."

மேடம் வேனின் முன் இடது சக்கரத்துக்கு அருகே குனிந்தார். வளைவுக்குள் கையை விட்டு, காய்ந்துபோன ஆரஞ்சு நாரை ஒரு கற்றையாக உருவி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "சிவசாமி ஒடம்புல இது இருக்குமா?"

மருதமுத்து அதைப் பார்த்தார். "குலை... இது செம்பனைக் குலை. ஆனா எண்ணெய்? ரோட்டுல எண்ணெய் கெடந்துச்சேம்மா!"

"வேனுக்கடியில என்ன போட்டிருக்கீங்க?"

"அட்டை. எங்க நிறுத்துனாலும் அட்டை போட்டுத்தான் நிறுத்துவேன். ஸ்கூல் வாசலை அழுக்காக்கக் கூடாதுல்ல?"

நான் படுத்து, அட்டையை வெளியே இழுத்தேன். மேடம் அதன்மேல் எண்ணெய்த் தாளை விரித்தார். அட்டையில் இருந்த சொட்டுகள் கருகருவென்று இருந்தன. தாளோ மஞ்சள். மருதமுத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சிந்தெட்டிக் புதுசாச்சே, மஞ்சளாத்தானே ஒழுகும்?" என்று முனகினார். மனுஷனுக்குக் குற்றவாளியாவதில் அப்படி ஒரு பிடிவாதம்.

நான் வேனின் கண்ணாடியைத் தட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கர் அங்கே இருந்தது. "எண்ணெய் மாத்துனப்ப எத்தனை கிலோமீட்டர்னு இதுல இருக்கு. மீட்டர்ல இப்ப எத்தனைன்னு பாருங்க. ரெண்டாயிரத்து அறுநூறு ஓடிட்டீங்க அங்கிள். இந்தக் கெழட்டு எஞ்சினுக்குள்ள அவ்வளவு தூரம் சுத்திட்டு மஞ்சளா வெளிய வர அது என்ன மாயமா? ரோட்டுல கெடந்தது சிவசாமி வண்டி எண்ணெய். எஞ்சின் பொளந்து கொட்டியிருக்கு. உங்க வேன் அவரைத் தொடவே இல்ல."

அவர் வேன் படியில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "நான் இல்ல... நான் இல்லையா?" என்று கேட்டார், சின்னப் பிள்ளை மாதிரி. மேடம் தலையசைத்தார். எனக்கும் கண் கலங்கியது, வெயில் அதிகம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், என் கையிலிருந்த காலிப் போத்தலைப் பார்த்தார்.

"இது நம்ம போத்தலாச்சே. வேனுக்கு ஊத்துன மிச்சம். செவ்வாக்கெழமை மத்தியானம் நான்தான் சிவசாமி வண்டிக்கு ஊத்தி விட்டேன். வேன் மூணேகால் லிட்டர் குடிக்கும், மிச்சம் முக்கால் லிட்டர். கப்சாய்க்குச் சரியா இருக்கும். எப்பவும் அவனுக்குத்தான் குடுப்பேன்."

இந்த ஊரில் இது எல்லோரும் செய்கிறதுதான். ஒர்க்‌ஷாப்பில் மிச்ச எண்ணெயைப் போத்தலோடு கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் யாராவது ஒருவரின் கப்சாய் அதைக் குடித்துவிடும். நானே எத்தனையோ வண்டிக்கு ஊற்றியிருக்கிறேன்.

ஊற்றி, ஒரே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. மேடத்தைப் பார்த்தேன். 'ஏன் விழுந்தாரு' என்ற கேள்விக்கு என் முகத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும். மேடம் என் கையைப் பிடித்துப் பத்தடி தள்ளி அழைத்துப் போனார்.

"சொல்லு."

"கார், வேன்ல கிளட்ச் எஞ்சின் எண்ணெய்ல படாது மேடம். கப்சாய்ல கிளட்ச் தட்டுங்க அதே எண்ணெய்லதான் ஊறிக்கிட்டு இருக்கும். பழைய எண்ணெய்னா ஒண்ணும் ஆகாது. இந்தக் கார் சிந்தெட்டிக் ரொம்ப வழுக்கும். தட்டுங்க ஒண்ணையொண்ணு புடிக்காது. எஞ்சின் கத்தும், சக்கரம் சுத்தாது. மேட்டுல பின்னாலதான் உருளும். ஒர்க்‌ஷாப்ல இருந்தப்ப இப்படி ஊத்தி என் மொதலாளிகிட்ட செருப்படி வாங்காத குறை."

மரம் அறுக்கிற மெஷின் மாதிரி ஒரே இடத்தில் நின்று கத்தியது எது என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

"அவருகிட்டச் சொல்லாதே" என்றார் மேடம் மெதுவாக. "இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்காரு. சட்டத்துக்கு இது தேவையில்ல. சிவசாமி கண்ணு முழிக்கட்டும்."

மேடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உண்மையை மென்று முழுங்கச் சொல்கிற ஆள் இல்லை அவர். நானும் சரி என்றேன். போத்தலை எங்கேயாவது தூக்கி எறிந்துவிடலாம் என்று கையில் திருப்பினேன். லேபிளில் கொட்டை எழுத்தில் இருந்தது: நாலு லிட்டர் வாங்கினால் ஒரு லிட்டர் இலவசம்.

ஓடிப் போய் மருதமுத்துவின் முன்னால் நின்றேன்.

"அங்கிள், இதோட ஒரு லிட்டர் ஓசியாக் குடுத்தாங்களா?"

"ஆமா, தனிப் போத்தல். ஒடைக்காம வெச்சிருந்தேன்."

"அது இப்ப எங்க?"

"இன்னைக்கு மத்தியானம் தேவி மோட்டார் சைக்கிளுக்கு ஊத்திட்டேன்பா. அவ வீடு வந்து சேர்றதுக்குள்ள முடிச்சு வெச்சிட்டேன். நான் உள்ள போயிட்டா அவ வண்டியை யாரு பாப்பா? நடுவழியில நிக்கக் கூடாதுல்ல?"

மணி நாலு நாற்பது. துணிப்பை, மருந்து, மேடு. தேவிஸ்ரீ அந்நேரம் கிளம்பியிருப்பாள்.

*

மேடம் கைப்பேசியில் அழைத்துக்கொண்டே ஓடினார். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்? மருதமுத்துவைப் பின்சீட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"என்ன தம்பி? என்ன ஆச்சு? சொல்லு!"

பக்கத்துச் சீட்டில் இருந்த மேடத்தைப் பார்த்தேன். இனி மறைக்க வழியில்லை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அவரே திரும்பி உட்கார்ந்து, மருதமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"இருபது வருஷமா குடுக்கிறேனேம்மா!" என்று கத்தினார் அவர். "ஒரு தடவைகூட ஒண்ணும் ஆகலையே!"

"அப்பல்லாம் பழைய எண்ணெய் அங்கிள். இந்தத் தடவைதான் மாத்துனீங்க" என்றேன். சந்திப்பில் சிவப்பு விளக்கு. ஒரு லாரிக்காரன் வழிவிடாமல் நின்றான். நான் ஹார்னில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பின்சீட்டைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேடு வருவதற்கு முன்பே அந்தச் சத்தம் வந்துவிட்டது. ஈஈஈ என்று ஒரே குரலில், நிற்காமல். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறுகிறாள். நாங்கள் இந்தப் பக்கம் ஏறி உச்சியைத் தாண்டியபோது, கீழே பாதி மேட்டில் தேவிஸ்ரீ தெரிந்தாள். முன்கூடையில் துணிப்பை. முழுசாய் முறுக்கிய கை. வண்டி கத்துகிறதே தவிர நகரவில்லை. நகராதது மட்டுமில்லை, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வழுகிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றித் தடுமாறினாள். அவளுக்கு ஒரு பக்கம் கால்வாய், பின்னால் குலை ஏற்றிய லாரி ஒன்று மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருந்தது.

நான் காரை நிறுத்துவதற்குள் மருதமுத்து குதித்துவிட்டார்.

"தேவி! முறுக்காதே! கைய விடு! புல்லுப் பக்கம் சாய்! வண்டியை விட்டுரும்மா!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா சொன்னதை ஏன் என்று கேட்காத பெண். கையை விட்டு, புல் மேட்டுப் பக்கமாக அப்படியே சாய்ந்தாள். வண்டி சறுக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் விழுந்தது. லாரி பிரேக் போட்டுக் குலுங்கி நின்றது, மேலேயிருந்து ஒரு குலை உருண்டு ரோட்டில் விழுந்தது.

முழங்கை உரிந்து ரத்தம். வேறொன்றுமில்லை. மருதமுத்து அவளைத் தூக்கி நிறுத்தி, தலை, தோள், கை, கால் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"என்னமோ தெரியலப்பா, நேத்துவரைக்கும் நல்லாத்தான் ஏறுச்சு" என்றாள் அவள். "நீங்க இங்க எப்படி? பாலாய்க்குப் போகலையா?"

அவர் கால்வாயில் கிடந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இறக்கத்தில் தெரிந்த சிவசாமி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, கார்ல ஏறுங்க" என்றார் மேடம்.

"வேணாம்மா. நடந்தே போறேன். என்ன சொல்றதுன்னு யோசிக்கணும்."

நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே நடந்தோம். லாரிக்காரர் ஹார்ன் அடித்தார், நான் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

பாக்கியலட்சுமி வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சோற்றுக்கூடை, அக்குளில் குடை. மருதமுத்து வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது போல.

"பாக்கியம், யாரும் மோதல. நான் ஊத்துன எண்ணெய்தான். அது அவன் வண்டிக்கு ஆகாத எண்ணெயாம். எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் ஊத்துனேன். ஆனா ஊத்துனது நான்தான்."

அந்தம்மா சாவியைப் பூட்டிலிருந்து எடுக்கவே இல்லை. மருதமுத்துவைப் பார்த்தார், உரிந்த முழங்கையோடு நின்ற தேவிஸ்ரீயைப் பார்த்தார், மறுபடி மருதமுத்துவைப் பார்த்தார். திட்டுவார், அழுவார், கூடையை வீசியடிப்பார் என்று நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"பாலாய்ல போயி எல்லாத்தையும் சொல்லிர்றேன்" என்றார் மருதமுத்து. "என்ன பண்ணணுமோ பண்ணட்டும்."

"போங்க. போயி உள்ள உக்காந்துக்குங்க. உங்களுக்கு மனசு ஆறிரும்" என்றார் பாக்கியலட்சுமி. குரல் ஒடிந்து, பிறகு ஏறியது. "நான் ரெண்டு நாளா மூணு பஸ்ஸு மாறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள பார்வை நேரம் முடிஞ்சுருது. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வர்றேன். அவரு கண்ணு முழிச்சா மொதல்ல உங்களைத்தான் கேப்பாரு, அது உங்களுக்குத் தெரியுமாண்ணே?"

மருதமுத்து வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களை மன்னிக்கிறதா இல்லையான்னு எனக்குத் தெரியல. அதை அவரு எந்திரிச்சு வந்து சொல்லட்டும். நல்லாத் திட்டட்டும்" என்றார் அந்தம்மா. சோற்றுக்கூடையை வேலிக்கு மேலாக அவர் கையில் திணித்தார். "அதுவரைக்கும் காலைலயும் சாயங்காலமும் வேனைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்துங்க. அட்டையெல்லாம் போட வேணாம், ஒழுகுனா ஒழுகட்டும். இப்ப இவங்க கார்லயே போவோம், வாங்க. ஆறு மணிக்கு உள்ள விடுவாங்க."